திறந்த சமூக வலையமைப்புகளும் பெரு நிறுவனங்களும்: நமது ஊர்களின் குரல் யார் கையில்?

மாரிகாலத்தில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவும்போது கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலான போக்குவரத்து தடைப்படுவது இப்பிரதேச மக்கள் பல ஆண்டுகளாக அனுபவித்து வந்த துன்பமாகும். வீதி மூடப்பட்டதா, உழவு இயந்திரமாவது செல்கிறதா, பாடசாலை நடைபெறுமா என்பனவற்றை முன்னர் மக்கள் ஒருவரையொருவர் கேட்டு அறிந்தனர். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளும் துணை நின்றன. இன்று அத்தகைய செய்தி பெரும்பாலும் முதலில் வெளிவருவது முகநூல் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலுமே ஆகும்.

இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்செய்தி செல்லும் பாதை நம்முடையதன்று. முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றும் மெட்டா எனும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் உடைமைகள். எந்தப் பதிவை எவருக்கு முதலில் காட்டுவது, எந்தக் கணக்கை முடக்குவது என்பனவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்நிறுவனத்திடமே உள்ளது. இந்நிலைக்கு மாற்றாகவே பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகள் தோன்றின. இப்போது அந்த மாற்று வழியிலும் பெரு நிறுவனங்கள் தமது செயலிகளுடன் நுழைந்துள்ளன. இதனால் சிறிய மொழிச் சமூகங்களுக்கும் சிற்றூர்களுக்கும் விளையக்கூடிய நன்மை தீமைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்றால் என்ன?

இதனை விளங்கிக்கொள்ள மின்னஞ்சலே எளிய உதாரணம். கூகிள் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியை வைத்திருப்பவர், யாகூ முகவரியை வைத்திருப்பவருக்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரியை வைத்திருப்பவருக்கோ தடையின்றி மடல் அனுப்பலாம். இந்நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களாயினும், மடலைக் கொண்டுசெல்லும் விதிமுறை அனைவருக்கும் பொதுவானது. இவ்வாறான பொது விதிமுறையையே கணினித் துறையினர் நெறிமுறை என்கின்றனர். முகநூலில் இந்த வசதி இல்லை. முகநூலில் உள்ள ஒருவர் டுவிட்டரில் உள்ள ஒருவரைப் பின்தொடர இயலாது. அங்கு செல்ல வேண்டுமாயின் புதிய கணக்கைத் திறந்து, நண்பர்களையும் புதிதாகத் தேட வேண்டும்.

சமூக வலைத்தளங்களுக்கும் மின்னஞ்சலைப் போன்ற பொது நெறிமுறை வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த இயூஜென் ரொச்கோ என்னும் இளைஞர் 2016 ஆம் ஆண்டு மாஸ்டடொன் என்ற மென்பொருளை வெளியிட்டார். இதனை எவரும் இலவசமாகப் பெற்றுத் தமது வழங்கியில், அதாவது இணையத்துடன் இணைக்கப்பட்ட தமது சொந்தக் கணினியில், நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொரு வழங்கியும் தனக்கென நிர்வாகியையும் ஒழுங்குவிதிகளையும் கொண்டிருக்கும். அதேவேளை ஒரு வழங்கியில் உள்ளவர் மற்றொரு வழங்கியில் உள்ளவரைப் பின்தொடரவும் பதிலெழுதவும் முடியும். 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையைத் தனது பரிந்துரையாக வெளியிட்டது. மாஸ்டடொன் உள்ளிட்ட பல மென்பொருள்கள் இந்நெறிமுறையாலேயே ஒன்றோடொன்று பேசுகின்றன. இவற்றின் கூட்டமைப்பு பெடிவேர்ஸ் என அழைக்கப்படுகின்றது.

2022 ஒக்டோபரில் டுவிட்டர் நிறுவனத்தை எலான் மஸ்க் வாங்கியதையடுத்து ஏற்பட்ட குழப்பத்தில் பலர் மாஸ்டடொனுக்குக் குடிபெயர்ந்தனர். சில வாரங்களிலேயே அதன் மாதாந்தப் பயனர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. ஓர் உரிமையாளரின் மனமாற்றத்தால் கோடிக்கணக்கானோரின் உரையாடல் களம் ஒரே மாதத்தில் மாறிவிடலாம் என்பதை உலகம் அப்போதுதான் கண்கூடாகக் கண்டது.

பெரு நிறுவனங்களின் வருகை

2023 ஜூலை 5 ஆம் திகதி மெட்டா நிறுவனம் த்ரெட்ஸ் என்னும் செயலியை வெளியிட்டது. இன்ஸ்டகிராம் கணக்கைக் கொண்டே இணைய முடிந்தமையால் ஐந்தே நாட்களில் 10 கோடிப் பேர் அதில் இணைந்தனர். இச்செயலி எதிர்காலத்தில் அக்டிவிட்டிபப் நெறிமுறையுடன் இணைக்கப்படும் என்று நிறுவனம் தொடக்கத்திலேயே அறிவித்தது. 2023 டிசம்பரில் பரீட்சார்த்தம் ஆரம்பமாகி, 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளின் பயனர்களுக்கு இவ்வசதி திறந்துவிடப்பட்டது. பின்னர் மேலும் பல நாடுகளுக்கு விரிவாக்கப்பட்டது. இதன்படி, விரும்பித் தெரிவுசெய்யும் த்ரெட்ஸ் பயனர் ஒருவரின் பகிரங்கப் பதிவுகளை மாஸ்டடொனில் உள்ளவர்கள் மெட்டாவில் கணக்கின்றியே வாசிக்கலாம்.

மறுபுறத்தில், டுவிட்டரின் அப்போதைய தலைவர் ஜக் டோர்சி 2019 டிசம்பரில் அறிவித்த ஓர் ஆய்வுத் திட்டம் பின்னர் தனி நிறுவனமாகி புளூஸ்கை என வளர்ந்தது. ஜே கிரேபர் என்னும் பெண்மணியின் தலைமையில் வளர்ந்த இது ஏடி நெறிமுறை என்னும் வேறொரு திறந்த நெறிமுறையைக் கையாள்கின்றது. 2024 பெப்ரவரியில் அனைவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கையின் பயனர் தொகை அவ்வாண்டு நவம்பரில் 2 கோடியைக் கடந்தது. வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குப் பின்னால் உள்ள ஓட்டோமேட்டிக் நிறுவனமும் 2023 இல் அக்டிவிட்டிபப் இணைப்புக் கருவியைத் தனதாக்கிக்கொண்டு, சாதாரண இணையத்தளங்களும் இவ்வலையமைப்பில் சேர வழிசெய்தது.

பெரு நிறுவனங்கள் ஏன் திறந்த வீட்டுக்கு வருகின்றன? முதலாவது காரணம், பொது நெறிமுறையில் ஏற்கெனவே உள்ள எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், தொழில்நுட்பவியலாளர்கள் ஆகியோரின் படைப்புகள் தமது செயலிக்குள்ளும் தோன்றும். இரண்டாவது காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச் முதல் பெரு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றது. வட்ஸ்அப் போன்ற செய்திச் சேவைகள் பிற சேவைகளுடன் இணைந்து இயங்க வேண்டும் என அது விதித்துள்ளது. சமூக வலைத்தளங்களுக்கு அதே கடப்பாடு விதிக்கப்படவில்லையாயினும், தாமாகவே கதவைத் திறந்து வைப்பது ஏகபோகக் குற்றச்சாட்டுக்கு எதிரான நல்ல கேடயமாகும்.

தமிழகத்தில் இருந்தும் இக்கருத்து ஒலித்துள்ளது. ஸோகோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2025 இல் திடீரெனப் பிரபலமடைந்தபோது, செய்திச் செயலிகள் மின்னஞ்சலைப் போன்று ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும், மூடிய அமைப்புகளாக இருத்தல் கூடாது என்ற கருத்தை அதன் நிறுவுநர் ஸ்ரீதர் வேம்பு பகிரங்கமாக வெளியிட்டார்.

கூகிள் டோக் தந்த பாடம்

திறந்த கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கூகிள் நிறுவனம் 2005 ஓகஸ்டில் கூகிள் டோக் என்னும் உரையாடல் செயலியை எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த நெறிமுறையின் மீது அமைத்தது. 2006 ஜனவரியில் பிற வழங்கிகளுடனும் அதனை இணைத்தது. சிறு வழங்கிகளை நடத்தி வந்தவர்கள் மகிழ்ந்தனர். அவர்களுடைய பயனர்கள் இலட்சக்கணக்கான கூகிள் பயனர்களுடன் பேச முடிந்தது. காலப்போக்கில் அவர்கள் பேசிய நண்பர்களில் பெரும்பாலானோர் கூகிளிலேயே இருந்தனர். 2013 இல் ஹேங்கவுட்ஸ் என்னும் புதிய சேவையைக் கூகிள் கொண்டுவந்தபோது பிற வழங்கிகளுடனான அத்தொடர்பு அதில் இடம்பெறவில்லை. நெறிமுறை அழியவில்லை, இன்றும் அது உயிருடன் உள்ளது. ஆனால் சிறு வழங்கிகளில் இருந்தவர்கள் தமது நண்பர்களை இழந்தவர்களாயினர்.

மெட்டா பெடிவேர்ஸுக்குள் வருவதை 2023 இலேயே பல வழங்கி நிர்வாகிகள் எதிர்த்து, த்ரெட்ஸைத் தமது எல்லைக்குள் அனுமதிப்பதில்லை என உறுதிபூண்டமைக்கு இந்த அனுபவமே முக்கிய காரணமாகும். மாஸ்டடொன் நிறுவுநர் ரொச்கோவோ, பெரிய நிறுவனம் ஒன்று பொது நெறிமுறையை ஏற்றுக்கொள்வதைத் திறந்த வலையமைப்புக்குக் கிடைத்த வெற்றியாகவே நோக்கினார். இரு தரப்பினரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பயனர் ஒருவரின் நிலையில் நின்று பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நான் வெளியேறினால் என் பதிவுகளையும் என்னைப் பின்தொடர்வோரையும் என்னுடன் எடுத்துச்செல்ல முடியுமா?

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், மாஸ்டடொனில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பின்தொடர்வோரை எடுத்துச்செல்லலாம். பழைய பதிவுகள் பின்தங்கிவிடும். புளூஸ்கையின் நெறிமுறை பதிவுகளையும் தொடர்புகளையும் சேர்த்தே இடம்மாற்ற வழிவகுக்கின்றது. ஆயினும் அதன் பயனர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்நிறுவனத்தின் வழங்கிகளிலேயே உள்ளனர். த்ரெட்ஸை விட்டு வெளியேறுவோர் தம்மைப் பின்தொடர்வோரை எடுத்துச்செல்லலாம் என்ற நோக்கத்தை இன்ஸ்டகிராமின் தலைவர் அடம் மொசேரியும் 2023 இல் வெளியிட்டிருந்தார். அந்த வாக்கு முழுமையாகச் செயல்வடிவம் பெறும்போதுதான் அச்செயலியைத் திறந்தது என்று தயக்கமின்றிக் கூற முடியும்.

வெளியேறும் உரிமை இல்லாததால் தமிழுலகம் இழந்தவை சில அல்ல. 2000 களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலான யாகூ குழுமங்களில் உலகெங்கும் பரந்து வாழ்ந்த தமிழர்கள் இலக்கியமும் அரசியலும் பேசினர். அச்சேவையில் சேமிக்கப்பட்டிருந்த மடல்களை அகற்றும் முடிவை நிறுவனம் 2019 இல் அறிவித்து, 2020 இல் சேவையையே மூடியது. தமிழிலும் இயங்கிய இந்தியாவின் கூ செயலி 2024 ஜூலையில் மூடப்பட்டது. இதற்கு மாறாக, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் தனக்கெனச் சொந்த முகவரியையும் சேமிப்பையும் கொண்டிருந்தமையால் ஈழத்துத் தமிழ், முஸ்லிம் எழுத்துகளை இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகப் பாதுகாத்து வருகின்றது.

அம்பாறை கண்ட அனுபவம்

இப்பிரச்சினை நமது மாவட்டத்துக்குப் புதியதன்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது வெறும் மாவுக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. ஆனால் காணொளி அதற்கு முன்னரே முகநூலில் நாடெங்கும் சென்றுவிட்டது. அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மார்ச் 7 இல் முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன முடக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே மீள இயங்கின. அவ்வன்முறைக் காலத்தில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் இத்தகைய தடைகள் விதிக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு வேகமாகப் பரவும்போது நிறுவனம் தாமதிக்கின்றது. அரசோ அனைத்தையும் ஒரேயடியாக மூடுகின்றது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வது உறவினரின் நலம் விசாரிக்க விரும்பும் சாதாரண மக்களே.

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு இதற்குத் தீர்வாகுமா? ஓரளவுக்கு ஆகும். பல நூறு வழங்கிகளை ஒரே கட்டளையால் மூடுவது கடினம். ஊரின் மொழியையும் வழக்கையும் அறிந்த ஒருவரே மட்டுறுத்துநராக இருந்தால், கிழக்குத் தமிழில் எழுதப்பட்ட ஒரு சொல் வேடிக்கையா வசையா என்பதை அயல்நாட்டு அலுவலகத்தில் இருப்பவரைவிட அவர் விரைவில் அறிவார். ஆனால் இதே சுதந்திரம் தீயோருக்கும் உண்டு. வெறுப்புப் பேச்சுக்கு இடமளித்ததாகக் கண்டிக்கப்பட்ட காப் என்னும் அமெரிக்கத் தளம் 2019 இல் மாஸ்டடொன் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. மென்பொருள் அனைவருக்கும் உரியதாகையால் அதனைத் தடுக்க எவராலும் முடியவில்லை. ஆயினும் ஏனைய வழங்கிகளில் பெரும்பாலானவை அதனுடன் தொடர்பைத் துண்டித்தமையால் காப் அவ்வலையமைப்பில் தனிமைப்பட்டது. ஊர் ஒதுக்கிவைத்தல் போன்ற இந்த ஏற்பாடே இங்கு காவலரண் ஆகும்.

வாய்க்கால் கற்பிப்பது

நாவிதன்வெளி மக்களுக்கு இத்தகைய நிர்வாகம் அந்நியமானதன்று. 1949 இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பியே இப்பகுதியின் வயல்களில் பெரும்பகுதி விளைகின்றது. இங்கினியாகலையில் அணை ஒன்றே. ஆனால் ஒவ்வொரு வட்டையிலும் வக்கடையைத் திறப்பதும் மூடுவதும் வட்டை விதானையும் விவசாயிகளும் கூடி எடுக்கும் முடிவாகும். 1981 முதல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து இடதுகரைப் பகுதியில் விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கியபோது, வாய்க்காலின் தலைப்பகுதியில் இருந்தோர் கடைப்பகுதியினருக்கு நீரை விட்டுக்கொடுத்த நிகழ்வுகள் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளன. அதிகாரிகளின் உத்தரவால் நெடுங்காலம் சாத்தியப்படாதது, பொது விதியும் ஊர்மட்டப் பொறுப்பும் சேர்ந்தபோது சாத்தியமாயிற்று.

பொது நெறிமுறை வாய்க்காலைப் போன்றது. வழங்கி வட்டையைப் போன்றது. மட்டுறுத்துநர் வட்டை விதானையைப் போன்றவர். பெரு நிறுவனம் ஒன்று இவ்வாய்க்காலின் தலைப்பகுதியில் வந்தமரும்போது நீர் பெருகலாம், அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நமது வட்டைக்கெனத் தனி வக்கடை இல்லையாயின், தலைப்பகுதியில் கதவு மூடப்படும் நாளில் கடைப்பகுதியில் பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே நம்மால் முடியும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, நமது பொது நிறுவனங்கள் தமக்கெனச் சொந்த இணைய முகவரியைக் கொண்டிருத்தல் வேண்டும். பிரதேச சபை, பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாக சபை, கோயில் பரிபாலன சபை, வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் என்பன பல முகநூல் பக்கத்தை மாத்திரமே வைத்துள்ளன. இலங்கைக்குரிய .எல்கே முகவரி மட்டுமன்றித் தமிழ் எழுத்திலேயே அமைந்த .இலங்கை என்னும் முகவரியும் 2010 இல் சர்வதேச ஒப்புதலைப் பெற்றது. சொந்த முகவரியில் முதலில் வெளியிட்டு, அதன் பின்னர் முகநூலிலும் த்ரெட்ஸிலும் பகிர்வதே பாதுகாப்பான ஒழுங்காகும். நாளை எந்தச் செயலி மறைந்தாலும் மூலப்பதிவு நம்மிடம் எஞ்சும்.

இரண்டாவதாக, இதற்குப் பெருஞ்செலவு தேவையென அஞ்ச வேண்டியதில்லை. வேர்ட்பிரஸில் அமைந்த சாதாரண இணையத்தளம் ஒன்றில் அக்டிவிட்டிபப் இணைப்பை இயக்கினாலே அத்தளம் பெடிவேர்ஸில் ஒரு கணக்காகிவிடும். ஜேர்மனியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 இலும், நெதர்லாந்து அரசு 2023 இலும் அரச அலுவலகங்களுக்கென மாஸ்டடொன் வழங்கிகளை நிறுவின. அரசாங்கங்களே பிறர் வீட்டுத் திண்ணையில் அறிவித்தல் ஒட்டுவதைத் தவிர்க்க விரும்புகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவதாக, தனி வழங்கியை நடத்த முன்வருவோர் அதன் பொறுப்பையும் உணர்தல் அவசியம். வழங்கிக்கு மாதந்தோறும் பணம் தேவை. காப்புப்பிரதி எடுக்க வேண்டும். இரவில் ஒரு வதந்தி கிளம்பினால் அதனைக் கவனிக்க ஆள் வேண்டும். இலங்கையில் 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்றவற்றையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் தோளில் மாத்திரம் இதனைச் சுமத்தினால், அவர் வெளிநாடு செல்லும் நாளில் வழங்கியும் நின்றுவிடும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நமது கரையோரத்தில் இரு சமூகத்தவரும் சேர்ந்த ஒரு குழுவிடம் மட்டுறுத்தல் இருப்பது நம்பிக்கையை வளர்க்கும்.

நான்காவதாக, பயனர்கள் ஓர் உண்மையை மறத்தலாகாது. திறந்த வலையமைப்பில் வெளியிடப்பட்ட பதிவின் பிரதிகள் பல வழங்கிகளுக்குச் செல்கின்றன. மூலத்தை அழித்தாலும் ஏனைய இடங்களிலுள்ள பிரதிகள் அனைத்தும் அழியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குடும்பப் படங்களுக்கும் இரகசியச் செய்திகளுக்கும் இது உரிய இடமன்று.

மெட்டாவைப் போன்ற நிறுவனங்களின் செயலிகளை முற்றாகப் புறக்கணிக்குமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. வளைகுடா நாட்டில் தொழில்புரியும் மகனும் ஐரோப்பாவில் வாழும் சகோதரியும் அங்குதான் உள்ளனர். அந்நிறுவனங்கள் பொது நெறிமுறைக்குள் வருவதை வரவேற்கலாம். அதேவேளை அவை வெளியேறினாலும் நமது குரல் அறுந்துபோகாத ஏற்பாட்டை இப்போதே செய்துகொள்ள வேண்டும். அடுத்த மாரிக்கு முன்னதாக நமது பிரதேசத்தின் ஒரு பொது நிறுவனமாவது தனது வெள்ள அறிவித்தலைத் தனது சொந்த முகவரியில் முதலில் வெளியிடத் தொடங்குமாயின், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.